ஐந்து விநாடிக்கு ஓர் ஊசி: எகிப்தில் ஹெபடைடிஸ் சி பரவியதும் அடங்கியதும்

எகிப்தில் பில்ஹார்சியா என்ற புழுநோய்க்கு நடந்த ஒரு சிகிச்சை முகாமைப் பார்வையிடப் போன மருத்துவ நிபுணர் ஒருவர் 1960களில் எழுதி வைத்த குறிப்பு இது. டாக்டர் காலை 9.20க்கு ஊசி போடத் தொடங்குகிறார். 10.10க்குள் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று 504 ஊசி போட்டு முடித்துவிடுகிறார். நடுவில் பத்து நிமிட ஓய்வு வேறு. அதைக் கழித்தால் ஒரு ஊசிக்கு ஐந்து விநாடிகூட ஆகவில்லை. இவையெல்லாம் நம் ஊரில் நரம்பு ஊசி என்பார்களே, அந்த வகை. போட்டு முடித்த சிரிஞ்சு பக்கத்தில் இருக்கும் தட்டுக்குப் போகும். நர்ஸ் அதை எடுத்து அலசி, ஓரிரு நிமிடம் கொதிக்க வைத்து, மறுபடி மேசைக்கு அனுப்புவார்.

எழுதியவருக்கு அந்த டாக்டரின் கைத்திறன் மீது வியப்பு. நாம் பார்க்க வேண்டியது அந்தத் தட்டை. கண்ணாடி சிரிஞ்சைக் குறைந்தது இருபது நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பாலபாடம். 504 பேர் வரிசையில் நிற்கும்போது இருபது நிமிடத்துக்கு எங்கே போவது? ஒருவருடைய இரத்தத்தின் மிச்சமும், அதோடு கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸும் அடுத்தவருடைய நரம்புக்குள் போக அந்த ஓரிரு நிமிடம் போதுமானதாக இருந்தது.

வாய்க்காலில் இருந்த நோய்

ஊசி எதற்காக என்று சொல்லாமல் இந்தக் கதையில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பில்ஹார்சியா, நீர்நத்தைக்குள் வளர்ந்து தண்ணீருக்கு வரும் ஒரு புழுவால் உண்டாகிறது. வாய்க்காலில் இறங்குகிறவரின் தோலைத் துளைத்துப் புழுக்குஞ்சு உள்ளே போய்விடும். ஒரு வகைப் புழு சிறுநீர்ப்பையைச் சுற்றிக் குடியேறும். சிறுநீரில் இரத்தம் போகும், பல வருடம் கழித்து அந்த இடத்தில் புற்றுநோய் வரலாம். இன்னொரு வகை குடல் பக்கம் குடியேறி, அதன் முட்டைகள் கல்லீரலில் அடைத்துக்கொள்ளும். தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1851இல் கெய்ரோவில் இந்தப் புழுவைக் கண்டுபிடித்தார், பெயர் அப்படி வந்தது. நோய் அதைவிட மிகப் பழையது. எகிப்திய மம்மிகளின் உடலிலேயே இதன் முட்டைகள் கிடைத்திருக்கின்றன.

பழைய நைல் பாசனத்தில் வருடத்துக்கு ஒருமுறை வெள்ளம் வரும், வடியும், நிலம் வெடித்துக் காயும். நத்தைகளில் பெரும்பகுதி அந்த வறட்சியில் சாகும். தடுப்பணைகள் கட்டி, வருடம் முழுக்க வாய்க்காலில் தண்ணீர் விட ஆரம்பித்ததும் நத்தைக்கு யோகம் அடித்தது. 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்த பிறகு இன்னும் வசதி. வாய்க்காலில் குளிப்பது, துவைப்பது, எருமை கழுவுவது, பையன்கள் குதித்து ஆடுவது, இதையெல்லாம் காவிரிக் கரைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நல்ல வேளை, அந்த நோய் நம் பக்கம் வேரூன்றவில்லை.

எகிப்தில் அது எவ்வளவு சாதாரணம் என்பதற்கு அப்துல் ஹலீம் ஹாஃபிஸ் ஒருவரே போதும். அரபு உலகமே கொண்டாடிய பாடகர், நைல் டெல்டா கிராமத்தில் பிறந்தவர். சிறுவயதில் வாய்க்காலில் பிடித்துக்கொண்ட பில்ஹார்சியா அவரை விடவே இல்லை. கல்லீரல் கெட்டு, திரும்பத் திரும்ப இரத்தக் கசிவு ஏற்பட்டு, 1977 மார்ச் 30 அன்று லண்டன் மருத்துவமனை ஒன்றில் இறந்தார். வயது 47.

இதற்கு அன்று கையில் இருந்த மருந்து டார்ட்டர் எமெடிக் என்ற ஆன்டிமனி உப்பு. 1918இல் சூடானில் பயன்பட்டு, அப்புறம் எகிப்துக்கு வந்தது. எமெடிக் என்றாலே வாந்தி வரவைப்பது, வாந்தியும் வரும். நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை புண்ணாகும். எல்லாவற்றையும்விட, ஒரு ஊசியோடு வேலை முடியாது. பத்துப் பன்னிரண்டு ஊசிகளை வாரக்கணக்கில் போட வேண்டும். ஒரு ஆள் அந்த வரிசையில் பன்னிரண்டு முறை நிற்கிறார் என்றால், முன்னால் நின்றவரின் இரத்தம் தன்னிடம் வர அவருக்குப் பன்னிரண்டு வாய்ப்பு. 1950களில் அரசு இதை நாடு தழுவிய இயக்கமாக்கியது. 1964 முதல் 1982 வரை ஆண்டுதோறும் சராசரியாக 2,50,000 பேருக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டன. பிரசிகுவாண்டல் என்ற மாத்திரை வந்து 1980களில் ஊசியை ஓரங்கட்டியது. அதற்குள் வைரஸ் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

தெரியாமல் நடந்ததா?

பாதி உண்மை. ஹெபடைடிஸ் சி வைரஸை மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் அடையாளம் கண்டதே 1989இல்தான். ஹெபடைடிஸ் ஏ-யும் இல்லாத, பி-யும் இல்லாத ஏதோ ஒன்று இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் கல்லீரலைக் கெடுக்கிறது என்று ஹார்வி ஆல்ட்டர் 1970களில் காட்டியிருந்தார். அதற்குப் பெயர்கூட வைக்க முடியாமல் ‘ஏ அல்லாத, பி அல்லாத’ என்றுதான் அழைத்தார்கள். இந்த இருவருக்கும், இந்த வைரஸ் தனியாகவே நோயை உண்டாக்கும் என்று நிரூபித்த சார்லஸ் ரைஸுக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, 1960களில் அந்த மேசையில் உட்கார்ந்திருந்த டாக்டருக்கு இந்த வைரஸைத் தெரிந்திருக்க வழியில்லை.

ஆனால் இரத்தம் வழியாகக் காமாலை பரவும் என்பது தெரியும். 1942இல் அமெரிக்க இராணுவத்தில் மனித சீரம் கலந்த மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்குக் காமாலை வந்தது மருத்துவ உலகமே அறிந்த விவகாரம். சிரிஞ்சை ஏன் அத்தனை நேரம் கொதிக்க வைக்கச் சொல்கிறார்கள் என்பதும் தெரியும். தெரியாதது வைரஸின் பெயர் மட்டும். அவர்களை வில்லன்களாகக் காட்ட எனக்கு மனமில்லை. பில்ஹார்சியாவை அவர்கள் உண்மையாகவே குறைத்தார்கள். ஆனால் எத்தனை பேருக்கு ஊசி போட்டோம் என்று தினமும் எண்ணிய இயக்கம், எத்தனை சிரிஞ்சு சுத்தமாக இருந்தது என்பதையும் எண்ணியிருக்கலாம்.

இந்தத் தொடர்பை ஊரறியச் சொன்னது 2000இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு. எந்தப் பகுதியில், எந்த வயதினருக்கு ஊசி அதிகம் போடப்பட்டதோ அங்கே, அவர்களிடமே ஹெபடைடிஸ் சி-யும் அதிகம். தெற்கைவிட நைல் டெல்டாவில் அதிகம்; மாத்திரை வந்த பிறகு வளர்ந்த பிள்ளைகளிடம் குறைவு. மருத்துவச் சிகிச்சையே இரத்தவழிக் கிருமியைப் பரப்பிய நிகழ்வுகளில், அறியப்பட்டவரை, உலகிலேயே மிகப் பெரியது இதுதான் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஊசி இயக்கம் நின்றது, பரவல் நிற்கவில்லை. ஊரில் இத்தனை பேர் இரத்தத்தில் வைரஸ் இருந்தால் பல் பிடுங்கும் இடம், டயாலிசிஸ் இயந்திரம், சோதிக்காத இரத்த பாட்டில், சவரக்கத்தி எல்லாமே அந்தத் தட்டாக மாறிவிடும். 2008இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் 15 முதல் 59 வயதுக்குள் 14.7 சதவீதம் பேருக்கு இந்த வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி இருந்தது. ஏழு பேரில் ஒருவர். உலகில் வேறெந்த நாட்டிலும் இந்த அளவு இல்லை.

சத்தமில்லாத வைரஸ்

நம் ஊரில் காமாலை என்றால் கண் மஞ்சளாகும், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள், சரியாகிவிடும். பெரும்பாலும் அது தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ் ஏ, தானாகவே போகக்கூடியது. பேர் கீழாநெல்லிக்குப் போகிறது. ஹெபடைடிஸ் சி இந்தப் பழக்கத்துக்குள் அடங்காது. வைரஸ் நுழையும்போது பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. நூற்றில் 15 முதல் 45 பேர் வரை ஆறு மாதத்துக்குள் தாங்களாகவே வைரஸை விரட்டிவிடுகிறார்கள். மீதிப் பேரிடம் அது தங்கிவிடும். அசதி, சாப்பாட்டில் நாட்டமின்மை என்று ஏதாவது இருக்கும். வயசாகிறது, வேலை அதிகம் என்று காரணம் சொல்லிக்கொள்வார்கள். அப்படித் தங்கியவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு இருபது வருடத்துக்குள் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிவிடுகிறது. சிரோசிஸ் என்பது அதுதான். வயிற்றில் நீர் கோக்கும், இரத்த வாந்தி வரும், சிலருக்குப் புற்றுநோய். 1970இல் ஊசி போட்டுக்கொண்ட பையன் 1995இல் இரத்த வாந்தியோடு வந்தால் இரண்டையும் யார் முடிச்சுப் போடுவார்கள்? பழைய பில்ஹார்சியாவின் மிச்சம் என்றே பல காலம் நினைத்தார்கள்.

இந்த வைரஸில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸ் நம் செல்லின் உட்கருவுக்குள் தன் மரபுப்பொருளை ஒளித்து வைக்கும். அதனால் அதை அடக்கலாம், அடியோடு எடுப்பது கடினம். சி-க்கு அந்தப் பதுங்குகுழி கிடையாது. தன் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.-யை ஓயாமல் நகலெடுத்தால்தான் அது உயிர் பிழைக்கும். நகலெடுப்பதைச் சில வாரங்களுக்கு முற்றாக நிறுத்திவிட்டால் வைரஸ் அழிந்தே போகும். நகலெடுக்கும்போது கண்டபடி பிழைவிட்டு மாறிக்கொண்டே இருப்பதால்தான் இதற்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை.

கோஃப்தாவும் மாத்திரையும்

2006இல் எகிப்து ஒரு தேசியக் குழு அமைத்து, சிகிச்சை மையங்களைத் திறந்தது. அன்றைய மருந்து இன்டர்ஃபெரான் ஊசி, கூடவே ரிபாவிரின் மாத்திரை, 48 வாரம். ஒவ்வொரு வாரமும் ஊசிக்குப் பிறகு காய்ச்சல், உடம்பு வலி. போகப்போக இரத்தசோகை, முடி கொட்டுதல், மனச்சோர்வு. எகிப்தில் பரவியிருந்த, இந்த வைரஸின் நான்காம் மரபுவகைக்கு இவ்வளவு பட்டும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் குணமானது.

நோய் இவ்வளவு பரந்தும் மருந்து இவ்வளவு மோசமாகவும் இருக்கும் இடத்தில் மாயமந்திரம் முளைக்காமல் இருக்குமா? 2014 பிப்ரவரியில் எகிப்து இராணுவம் ஒரு கருவியை அறிமுகப்படுத்தியது. எய்ட்ஸையும் ஹெபடைடிஸ் சி-யையும் இரத்தத்திலிருந்து உறிஞ்சிக் குணமாக்குமாம். நோயாளியின் எய்ட்ஸை எடுத்து அவருக்கே கோஃப்தா உருண்டையாகச் சாப்பிடக் கொடுத்துவிடுகிறேன் என்ற பொருளில் ஓர் அதிகாரி பேசினார். நாடே சிரித்தது. வாக்களித்த தேதி வந்தது, கருவி வரவில்லை. மூலிகை பெட்ரோலைப் பார்த்தவர்கள் நாம், நமக்கு இதில் சிரிக்கும் உரிமை கொஞ்சம் குறைவு.

அதே வருடம்தான் எகிப்துக்கு உண்மையான மருந்தும் வந்தது. சோஃபோஸ்புவிர், வைரஸ் நகலெடுக்கப் பயன்படுத்தும் நொதியில் போலிச் சரக்காக நுழைந்து வேலையை நிறுத்திவிடும். தினம் ஒரு மாத்திரை, துணைக்கு டாக்ளடாஸ்விர் போன்ற இன்னொன்று, பெரும்பாலும் 12 வாரம். அமெரிக்காவில் 2013 டிசம்பரில் அனுமதி பெற்றது. ஒரு மாத்திரை 1,000 டாலர், முழுச் சிகிச்சை 84,000 டாலர். எகிப்து மருந்தைத் தயாரித்த நிறுவனத்தோடு பேசி 12 வாரத்துக்கு 900 டாலர் என்று முடித்தது. சுமார் நூற்றில் ஒரு பங்கு.

இதைக் கம்பெனியின் கருணை என்று நினைக்க வேண்டாம். லட்சக்கணக்கான நோயாளிகளை ஒரே வாடிக்கையாளராகச் சேர்த்துக்கொண்டு அரசு பேரம் பேசியது. அந்த மருந்துக்கு எகிப்தில் காப்புரிமையும் கிடைக்கவில்லை. 2015இல் உள்நாட்டுக் கம்பெனிகள் அதே மாத்திரையைத் தயாரிக்கத் தொடங்கின. சில வருடங்களில் முழுச் சிகிச்சையின் விலை 100 டாலருக்குக் கீழே இறங்கியது. மருந்தைக் கண்டுபிடித்தது அறிவியல்தான். டெல்டா விவசாயியின் வாய்வரை அதைக் கொண்டுவந்தது விலை.

காலியான காத்திருப்புப் பட்டியல்

2016 ஜூலையில் எகிப்தில் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் முடிந்துபோனது. வேறு நாடாக இருந்தால் விழா எடுத்திருப்பார்கள். இங்கே அதிகாரிகளுக்குக் கவலை வந்தது, அந்தக் கவலைக்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும். பட்டியல் தீர்ந்ததற்குக் காரணம் நோய் தீர்ந்தது அல்ல. தனக்கு நோய் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். தெரியாதவர்கள் எதற்காக வருவார்கள்?

2018 அக்டோபர் 1 முதல் 2019 ஏப்ரல் 30 வரை, ‘10 கோடி ஆரோக்கியம்’ என்ற பெயரில், 18 வயதுக்கு மேற்பட்ட அத்தனை பேரையும் சோதிப்பது என்று இறங்கினார்கள். இலக்கு 6.25 கோடிப் பேர். சுகாதார நிலையங்களிலும் மக்கள் கூடும் இடங்களிலும் குழுக்கள் உட்கார்ந்தன. விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், சில நிமிடத்தில் முடிவு. அதோடு இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை ஆகியவையும் பார்த்தார்கள். இது கெட்டிக்காரத்தனம். ஹெபடைடிஸ் சோதனைக்கு என்று மட்டும் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று தயங்குகிறவர்கள், பிரஷர் பார்க்க வருவார்கள்.

ஏழு மாதத்தில் 4.96 கோடிப் பேர் வந்தார்கள், இலக்கில் 79.4 சதவீதம். அவர்களில் 4.61 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஆன்டிபாடி என்பது வைரஸ் எப்போதோ வந்ததற்கான அடையாளம். இப்போது இருக்கிறதா என்பதை பி.சி.ஆர். சோதனைதான் சொல்லும். அந்தச் சோதனைக்கு வந்தவர்களில் 76.5 சதவீதம் பேருக்கு வைரஸ் இருந்தது. அவர்களில் 91.8 சதவீதம் பேர் சிகிச்சையைத் தொடங்கினார்கள். முடித்து, இறுதிச் சோதனைக்கும் வந்தவர்களில் 98.8 சதவீதம் பேருக்குக் குணம். எல்லோரும் இறுதிச் சோதனைக்குத் திரும்பி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உடம்பு நன்றாகிவிட்டது, வேலை கிடக்கிறது, யார் போவார்கள். ஒருவரைக் கண்டுபிடித்துக் குணப்படுத்த ஆன செலவு சுமார் 130 டாலர். மொத்தம் 20.71 கோடி டாலர்.

ஆன்டிபாடி குணமான பிறகும் வாழ்நாள் முழுக்க இரத்தத்தில் இருக்கும். வளைகுடா வேலைக்கான மருத்துவச் சோதனையில் எகிப்தியர்கள் பலர் இதனாலேயே வாய்ப்பை இழந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் அதே சோதனைக்குத்தான் போகிறார்கள். ‘சி பாசிட்டிவ்’ என்று ஒரு தாளில் பார்த்தால் இடிந்து போகாமல் பி.சி.ஆர். எடுக்கவேண்டும். வைரஸ் இல்லை என்று வந்தால் நோய் இல்லை, யாருக்கும் பரவாது.

2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் எகிப்துக்குத் தங்கத் தகுதி வழங்கியது. ஹெபடைடிஸ் சி ஒழிப்புப் பாதையில் இதைப் பெற்ற முதல் நாடு. நோயுள்ளவர்களில் 87 சதவீதம் பேரைக் கண்டறிந்து, அப்படி அறிந்தவர்களில் 93 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தந்திருந்தது. 10 சதவீதமாக இருந்த நோய் 0.38 சதவீதத்துக்கு இறங்கியது.

தட்டு இன்னும் இருக்கிறது

குணமானவருக்கு மறுபடியும் ஹெபடைடிஸ் சி வரலாம். ஒருமுறை வந்ததால் எந்தக் காப்பும் இல்லை. அதனால் மாத்திரை எவ்வளவு மலிவானாலும் அசுத்த ஊசி நிற்காவிட்டால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். சிரிஞ்சுக்குள் தங்கும் துளி இரத்தத்தில் இந்த வைரஸ் 63 நாள் வரை உயிரோடு இருந்ததை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு, எல்லா இரத்த பாட்டிலுக்கும் சோதனை, டயாலிசிஸ் பிரிவில் ஒழுங்கு, பச்சை குத்துமிடத்தில் புது ஊசி, போதை ஊசி போடுகிறவர்களுக்குத் திட்டாமல் சுத்த ஊசி கொடுப்பது: தடுப்பு என்பது இவ்வளவுதான். இதில் ஒன்றுகூடப் புதிதல்ல. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிப் பிடிப்பதாலோ இது வராது. தாயிடமிருந்து பிள்ளைக்கு நூற்றில் ஐந்தாறு பேருக்கு வரலாம். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

இந்தியாவில் 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம். அதற்கு இரண்டு வருடம் முன்பே பஞ்சாப் தன் மக்களுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. அங்கும் அசுத்த ஊசி பெரிய காரணம். தமிழ்நாட்டில் நோயாளிகள் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் ‘ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்’ என்ற கோரிக்கை நம்மிடம் தாராளமாக இருக்கிறது. மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்த டாக்டரைக் கைராசி இல்லாதவர் என்று என் வீட்டிலேயே சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1990க்கு முன்பு கண்ணாடி சிரிஞ்சில் ஊசி போட்டுக்கொண்டவர்கள், முன்னொரு காலத்தில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் ஒரு தடவை இந்தச் சோதனையை எடுத்துக்கொள்ளலாம்.

எகிப்தில் ஊசி வரிசையில் நின்ற அந்தத் தலைமுறைக்கு இப்போது வயது அறுபது, எழுபது. வைரஸ் போய்விட்டாலும் ஏற்கெனவே சுருங்கிப்போன கல்லீரல் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. புற்றுநோய் வரும் ஆபத்து குறைந்தாலும் ஒழிவதில்லை. அதனால் சிரோசிஸ் வந்த பிறகு குணமானவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனுக்கு வரவேண்டும், ஆயுள் முழுக்க.